சென்ஸார் போச்சுன்னு யார் சொன்னது?

கியரை மாத்து! - வாரத் தொடர்

இந்த வாரம் ஒரு ‘காது’ மேட்டர். எக்ஸாம் ஹாலில் நமக்குக் காது கேட்காவிட்டால் பின் பெஞ்ச்காரன் சொல்லும் விடை விளங்காது, போனால் ஒரு அரியர். ஆனா, காருக்குள் இருக்கும் இன்ஜினுக்குக் காது கேட்காமல் போனால் பிக்கப் போகும், மைலேஜ் போகும், நேரம் சரியில்லை என்றால் பிஸ்டனே போகும். அந்தக் காதுக்குப் பெயர் நாக் சென்ஸார்.

‘இது ஆட்டோமொபைல் பசங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு?’ என்று பி.காம் பார்ட்டிகள் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். நாளைக்கு உங்க அப்பாவோட கார் டேஷ்போர்டில் மஞ்சள் கலரில் ‘செக் இன்ஜின்’ லைட் எரியும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்துவிட்டு, “சென்ஸார் போச்சு சார், மாத்திடலாமா?” என்பார்கள். தலையாட்டுவதா, கேள்வி கேட்பதா? அதற்குத்தான் இந்த வாரம். பிளஸ் டூவில் படித்த ஓம் விதி ஞாபகம் இருந்தால் போதும். அது மறந்திருந்தாலும் பரவாயில்லை, சேர்ந்தே பார்த்துவிடலாம்.

‘நாக்’ அடிக்கிறதுன்னா என்ன?

ஊஞ்சலைத் தள்ளிவிட்டிருப்பீர்கள். அது பின்னால் வந்து நின்று, திரும்பப் போகிற அந்த நொடியில் தள்ளினால் உயரப் போகும். வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் உங்க கைதான் வலிக்கும். பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி விடுகிற நேரமும் அப்படித்தான். அதைத்தான் இக்னிஷன் டைமிங் என்கிறார்கள். பிஸ்டன் மேலே வந்து முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் பொறி விழ வேண்டும். அந்தத் தீ மெழுகுவத்தி பற்றுவது போல ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சீராகப் பரவ வேண்டும்.

சில சமயம் தீ வந்து சேர்வதற்குள், மறு ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை சூடு தாங்காமல் தானாகவே வெடித்துவிடும். அந்த அதிர்ச்சி சிலிண்டர் சுவரில் மோதும்போது ‘டிங்... டிங்... டிங்’ என்று ஒரு சத்தம். டாப் கியரில் மேடு ஏறும்போது தகர டப்பாவில் கோலிக்குண்டு உருள்வது போலக் கேட்குமே, அதேதான். மெக்கானிக் பாஷையில் ‘வண்டி நாக் அடிக்குது.’ மட்டமான பெட்ரோல், உள்ளே படிந்த கார்பன், ஓவர் ஹீட், ரொம்ப முன்னாலேயே விழும் பொறி... இப்படிப் பல காரணம். லேசாக எப்போதாவது அடித்தால் பிரச்னை இல்லை. விடாமல் அடித்தால் பிஸ்டன் அரிக்கும், ரிங் உடையும்.

இதை அடக்க அந்தக் காலத்தில் பெட்ரோலுக்கே மருந்து கொடுத்தார்கள். 1921 டிசம்பரில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் ஈயக் கலவை ஒன்றைச் சேர்த்தால் நாக் அடங்குகிறது என்று கண்டுபிடித்தார். நாக் அடங்கியது. ஆனா, அந்த ஈயம் புகையில் வந்து மனிதர்களைப் பதம் பார்த்தது. இந்தியா முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது 2000-ல்தான். இன்னொரு வழி, இன்ஜினுக்கே காது வைப்பது. 1978-ல் அமெரிக்காவின் ப்யூக் டர்போ கார்களில் நாக் சென்ஸார் வந்தது. இன்று நம்ம தெருவில் ஓடும் பெட்ரோல் கார்களில் அது சர்வசாதாரணம்.

காதுக்குள்ளே என்ன இருக்கு?

உள்ளே இருப்பது ஒரு பீஸோ எலெக்ட்ரிக் வில்லை. அழுத்தினால் மின்சாரம் தரும் சரக்கு. பிரான்ஸில் க்யூரி சகோதரர்கள் 1880-ல் கண்டுபிடித்த விஷயம். நம்ம கிச்சனில் ‘டக்’கென்று அழுத்தி அடுப்பு பற்றவைக்கும் கேஸ் லைட்டரில் இருப்பதும் இதே ஐடியாதான். சென்ஸாரை இன்ஜின் பிளாக்கில் ஒரு போல்ட் போட்டு இறுக்கி வைத்திருப்பார்கள். பிளாக் அதிரும், வில்லை நசுங்கும், சின்னதாக ஒரு மின் அலை கிளம்பும்.

கரோலா ஆல்டிஸில் வந்த டொயோட்டாவின் 1.8 லிட்டர் 2இசட்ஆர்-எஃப்இ இன்ஜினை எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் குறுக்களவு 80.5 மில்லிமீட்டர். இந்த சைஸ் சிலிண்டரில் நாக் அடித்தால் அதிர்வு விநாடிக்கு சுமார் 7,000 முறை இருக்கும் என்று கணக்கு போட்டே சொல்லிவிடலாம். சிலிண்டர் பெரிதானால் சத்தம் கீழே இறங்கும். தவில் சைஸையும் கஞ்சிரா சைஸையும் நினைத்துக்கொள்ளுங்கள். டொயோட்டாவின் இந்த வகை சென்ஸார் 6,000-லிருந்து 15,000 வரையிலான அதிர்வைக் கவனிக்கும்.

‘டிங்’ கேட்டதும் காரின் கம்ப்யூட்டர் (மெக்கானிக்குகள் ஈசிஎம் என்பார்கள்) பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும். நாக் நின்றதும் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். ஓட்டுகிற நமக்குத் தெரியவே தெரியாது.

காதே கேட்கவில்லை என்றால்? கம்ப்யூட்டர் பயந்துவிடும். ‘நாக் அடிச்சாலும் எனக்குத் தெரியாது, எதுக்கு வம்பு’ என்று டைமிங்கை முடிந்த மட்டும் பின்னுக்கு இழுத்து வைத்துவிடும். இன்ஜின் தப்பிக்கும். ஆனா வண்டி இழுக்காது, பெட்ரோல் குடிக்கும். அந்த மஞ்சள் லைட்டும் எரியும்.

ஒரு கேஸ் எடுத்துக்கலாமா?

ஒரு கதையாகவே வைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்குக் கார் வாடகைக்கு விடும் ஒருவர். கையில் இருப்பது ஒரே வண்டி, செகண்ட் ஹேண்ட் ஆல்டிஸ், 2014-க்குப் பிந்தைய மாடல். வெள்ளிக்கிழமை முகூர்த்தம், அட்வான்ஸ் வாங்கியாச்சு. புதன்கிழமை காலையில் லைட் எரிகிறது, வண்டியில் இழுவை இல்லை. ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து விடுகிறார். ஸ்கேனரில் வந்த கோட்: பி0327.

ஃபோர்மேன் பார்த்துவிட்டு, “நாக் சென்ஸார் போச்சுண்ணே. பார்ட் ஆர்டர் போடணும். இன்டேக் மேனிஃபோல்டைக் கழட்டித்தான் உள்ளே போகணும். சனிக்கிழமை ஆயிடும்” என்கிறார். ஓனர் முகம் தொங்கிப்போகிறது. பார்ட் விலை, லேபர், கேஸ்கெட், போன வாடகை... எல்லாம் அவர் தலையில்.

அதே ஒர்க்‌ஷாப்பில் இன்டர்ன்ஷிப்புக்கு வந்திருக்கிறாள் ஒரு ஃபைனல் இயர் ஆட்டோமொபைல் மாணவி. “அண்ணே, கழட்டறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் பார்க்கட்டுமா?” என்கிறாள். ஃபோர்மேனும் நல்ல மனுஷன்தான். “பாரும்மா, ஆனா எதையும் சுட்டுடாதே!”

இனி அவள் செய்வதை வரிசையாகப் பார்ப்போம்.

ஸ்டெப் 1: கோடை முழுசாப் படி

பி0327-க்கு முழு அர்த்தம், ‘நாக் சென்ஸார் சர்க்யூட், சிக்னல் குறைவு.’ அதில் ‘சர்க்யூட்’ என்ற வார்த்தையைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள்! சர்க்யூட் என்றால் சென்ஸார், அதன் கப்ளர், அங்கிருந்து கம்ப்யூட்டர் வரை போகும் வயர், கம்ப்யூட்டர் பக்கத்துக் கப்ளர், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பகுதி, எல்லாம் சேர்த்துத்தான். போலீஸ் ஸ்டேஷனில் ‘திருடன் இந்தத் தெருவுலதான் இருக்கான்’ என்று தகவல் வந்தால், முதல் வீட்டுக்காரரைப் பிடித்து உள்ளே போட முடியுமா?

இந்தக் குடும்பத்தில் உள்ள மற்ற கோடுகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பி0325: சர்க்யூட்டில் கோளாறு.
பி0326: சிக்னல் வருகிறது, ஆனா இருக்கவேண்டிய அளவில் இல்லை.
பி0327: சிக்னல் வோல்டேஜ் ரொம்பக் குறைவு.
பி0328: ரொம்ப அதிகம்.
வி6 மாதிரி இரண்டு வரிசை இன்ஜினில் இரண்டாவது வரிசைக்கு பி0330, பி0332, பி0333.

கோட் விழுந்த நொடியில் இன்ஜின் எத்தனை சூட்டில், எத்தனை ஆர்பிஎம்மில் இருந்தது என்பதையும் ஸ்கேனர் காட்டும். ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று பெயர். அதை அழிப்பதற்கு முன்னால் ஒரு பேப்பரில் எழுதிவைப்பது புத்திசாலித்தனம்.

ஸ்டெப் 2: கண்ணால் பார், காதால் கேள்

மீட்டரை எடுக்கும் முன்னால் டார்ச் லைட்டை எடு. கப்ளர் சரியாக லாக் ஆகியிருக்கிறதா? உள்ளே பச்சை பூத்திருக்கிறதா? வயர் எங்காவது சூடான இடத்தில் உரசுகிறதா? சமீபத்தில் யாராவது இந்தப் பக்கம் வேலை செய்தார்களா? ஓனரிடம் இரண்டு கேள்வி: “எப்பண்ணே ஆரம்பிச்சுது? மழையில மட்டும் வருதா, எப்பவுமா?”

“நேத்து ராத்திரி ஷெட்ல விட்டேன் தங்கச்சி. காலைல எடுக்கும்போதே லைட்டு. பக்கத்துல ரைஸ் மில்லு, தவிட்டு மூட்டை எல்லாம் கெடக்கும்.”

அவள் மனசுக்குள் ஒரு மணி அடிக்கிறது. ஆனா, சந்தேகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. அடுத்த ஸ்டெப்.

கயிறு இழுக்கும் போட்டி

இங்கேதான் ஓம் விதி. இந்த வகை டொயோட்டா சர்க்யூட்டில் கம்ப்யூட்டர் 5 வோல்ட்டை ஒரு 200 கிலோ ஓம் ரெஸிஸ்டர் வழியாக சிக்னல் வயருக்கு அனுப்புகிறது. சென்ஸாருக்குள்ளும் ஒரு ரெஸிஸ்டர், அதுவும் கிட்டத்தட்ட 200 கிலோ ஓம். அதன் மறுமுனை எர்த் பக்கம்.

ஸ்போர்ட்ஸ் டே கயிறு இழுக்கும் போட்டி மாதிரி. ஒரு பக்கம் 5 வோல்ட் டீம், மறு பக்கம் 0 வோல்ட் டீம். ரெண்டும் சம பலம். கயிற்றின் நடுவில் கட்டிய ரிப்பன் எங்கே நிற்கும்? சரிபாதியில், 2.5 வோல்ட்டில். எல்லாம் ஒழுங்காக இருந்தால் சிக்னல் வயர் சும்மா நிற்கும் இடம் இதுதான். நாக் சிக்னல் இதன் மேல் ஏறி ஆடும் சின்ன அலை.

சென்ஸார் பக்கம் கயிறு அறுந்தால்? 5 வோல்ட் டீம் ரிப்பனை அப்படியே இழுத்துக்கொண்டு போய்விடும். 4.5-ஐத் தாண்டினால் பி0328. மாறாக, சிக்னல் வயர் எங்காவது நேராக எர்த்தில் பட்டுவிட்டால், 0 வோல்ட் டீமில் யானை சேர்ந்த மாதிரி. ரிப்பன் 0.5-க்குக் கீழே போகும். பி0327.

ஆக, பி0327 என்றால் எங்கேயோ ஒரு யானை இருக்கிறது. சென்ஸாருக்குள்ளா, வயரிலா, கம்ப்யூட்டரிலா?

ஸ்டெப் 3: மீட்டர் இல்லாமலே ஒரு டெஸ்ட்

இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டு, சென்ஸார் கப்ளரைக் கழற்று. மேனிஃபோல்டுக்குக் கீழே கை நுழைந்தால் நேராக சென்ஸாரில், நுழையாவிட்டால் ஹார்னஸில் கைக்கு எட்டும் அடுத்த கப்ளரில். கோடை அழித்துவிட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்து சில விநாடி ஓடவிடு. மறுபடி ஸ்கேன்.

யோசித்துப் பாருங்கள். கப்ளரைக் கழற்றிவிட்டோம், சென்ஸார் இப்போது ஆட்டத்திலேயே இல்லை. வயர் நன்றாக இருந்தால் கயிறு அறுந்த நிலை, கோட் பி0328-ஆக மாறியே ஆக வேண்டும். அப்படி மாறினால் வயரும் கம்ப்யூட்டரும் நிரபராதி, யானை சென்ஸாருக்குள். மாறாமல் அதே பி0327 திரும்ப வந்தால்? சென்ஸாரே இல்லாதபோதும் யானை இழுக்கிறது என்றால், அது வயரிலோ கம்ப்யூட்டரிலோதான்.

நம்ம ஆல்டிஸில் வந்தது: பி0327. மாறவில்லை!

ஃபோர்மேன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வருகிறார். “ஏம்மா, இன்னொரு தடவை போடு.” இன்னொரு தடவையும் அதே பி0327.

ஒருவேளை முதலில் வந்த கோடே பி0328-ஆக இருந்தால் இதே டெஸ்டைத் திருப்பிப் போட வேண்டும். சென்னை ரிச்சி தெரு மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் 220 கிலோ ஓம் ரெஸிஸ்டர் ஒன்றை, கழற்றிய கப்ளரின் வயர் பக்க இரண்டு பின்களுக்கு நடுவில் மாட்டு. சென்ஸார் இடத்தில் ஒரு டூப் போட்ட மாதிரி. வோல்டேஜ் சுமார் 2.6-க்கு வரும். கோட் திரும்ப வராவிட்டால் வயர் ஓகே, சென்ஸார்தான் அவுட்.

ஸ்டெப் 4: மீட்டர், கூடவே ஒரு பொறி

இப்போது உறுதிப்படுத்த மல்டிமீட்டர். கப்ளர் கழற்றிய நிலையிலேயே இக்னிஷன் ஆன். வயர் பக்க இரண்டு பின்களுக்கு நடுவே டிசி வோல்டேஜ் பார். நல்ல சர்க்யூட்டில் 4.5-லிருந்து 5.5 வரை காட்ட வேண்டும். நம்ம வண்டியில் காட்டியது 0.0.

சந்தோஷம். ஆனா இங்கே ஒரு பொறி இருக்கு ஃப்ரெண்ட்ஸ். உங்க மீட்டரும் ஒரு ரெஸிஸ்டர்தான்! நல்ல டிஜிட்டல் மீட்டரின் உள் ரெஸிஸ்டன்ஸ் 10 மெகா ஓம், அது இந்த ஆட்டத்தில் எடுபடாது. மலிவான மஞ்சள் மீட்டர்கள் பலவற்றில் 1 மெகா ஓம்தான். நல்ல சர்க்யூட்டிலேயே அதை வைத்தால் கணக்குப்படி 5-க்கு பதில் 4.17 வோல்ட்தான் காட்டும். ‘4.5 வரலையே, கம்ப்யூட்டர் அவுட்டு’ என்று யாராவது தீர்ப்பு சொன்னால் ஓனர் கதி என்ன? லேபில் இருக்கும் பழைய முள் மீட்டர் இன்னும் மோசம். வோல்ட்டுக்கு 20 கிலோ ஓம் என்று போட்டிருக்கும். 10 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் அதுவே 200 கிலோ ஓம், சென்ஸார் சைஸில் இன்னொரு டீம்! 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 2.5 என்று காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை, அதுவும் சேர்ந்து கயிறு இழுக்கிறது. வைவாவில் ‘வோல்ட்மீட்டருக்கு ஏன் அதிக ரெஸிஸ்டன்ஸ் வேண்டும்?’ என்று கேட்பார்களே, பதில் இங்கே இருக்கு.

இன்னொன்று. இந்த வயரில் டெஸ்ட் லாம்ப் போடவே போடாதீர்கள். அது கம்ப்யூட்டர் சர்க்யூட்.

ஸ்டெப் 5: யானையைத் தேடி

பேட்டரி எர்த்தைக் கழற்றி, கம்ப்யூட்டர் பக்கத்துக் கப்ளரையும் எடுத்துவிட்டு, வெறும் வயரை மட்டும் ஓம் ரேஞ்சில் பார்க்கிறாள். சிக்னல் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே மெகா ஓம் கணக்கில் இருக்க வேண்டும். இங்கே அரை ஓம் கூட இல்லை. கம்ப்யூட்டரும் தப்பித்தது. மிச்சம் இருப்பது வயர் மட்டுமே.

நாக் சென்ஸார் வயர் சாதாரண வயர் இல்லை. சிக்னல் ரொம்பச் சின்னது, பக்கத்திலேயே இக்னிஷன் காயில் இரைச்சல். அதனால் வயரைச் சுற்றி கம்பி வலையால் ஒரு சட்டை போட்டிருப்பார்கள், டிவி கேபிள் மாதிரி. அந்த வலை கம்ப்யூட்டர் பக்கத்தில் எர்த் ஆகியிருக்கும். ஹார்னஸை டார்ச் அடித்துக்கொண்டே கையால் தடவிப் போகிறாள். மேனிஃபோல்டைத் தாண்டி, ஃபயர்வால் பக்கம் திரும்பும் வளைவில் டேப் கிழிந்திருக்கிறது. பக்கத்தில் நாலைந்து எலிப் புழுக்கை. பல் பதிந்த இடத்தில் உள் வயரின் செம்பு, வெளி வலையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. யானை என்று தேடினோம், கிடைத்தது எலி!

கடிபட்ட துண்டை வெட்டி, நல்ல வயர் வைத்து சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, வலையையும் மறுபடி இணைத்து மேலே இன்னொரு ஸ்லீவ். வெறும் டேப் சுற்றினால் இன்ஜின் சூட்டில் பசை இளகி மறுபடி முதலிலிருந்து. வலையை இணைக்காமல் விட்டால் இரைச்சல் உள்ளே புகுந்து, இல்லாத நாக் இருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பும். எல்லாம் முடிந்து கப்ளரை மாட்டி அளந்தால் 2.5 வோல்ட். கோடை அழித்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தாச்சு. லைட் வரவில்லை.

புதன்கிழமை மதியமே வண்டி வெளியே. மேனிஃபோல்ட் கழற்றவில்லை, பார்ட் வாங்கவில்லை. புது சென்ஸார் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சனிக்கிழமை மாலை அத்தனையையும் மாட்டி ஸ்டார்ட் செய்ததும் அதே பி0327 வந்து பல்லை இளித்திருக்கும்.

மழை நாளில் மட்டும் வரும் லைட்

எல்லாக் கேஸும் இவ்வளவு சுலபமில்லை. கப்ளருக்குள் ஈரமும் பச்சையும் சேர்ந்தால் இரண்டு பின்களுக்கு நடுவே ஒரு கள்ளப் பாதை உண்டாகும். அது 50 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால் வோல்டேஜ் 0.83-க்கு இறங்கும். 0.5-க்கு மேலே இருப்பதால் கோட் விழாது. நல்ல மழையில் அதுவே 20 கிலோ ஓம் ஆனால் 0.42 வோல்ட். லைட் ஆன்! வெயில் அடித்ததும் தானாகச் சரியாகிவிடும். ‘ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனா மட்டும் வரவே மாட்டேங்குது சார்’ என்று புலம்புகிறவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த மாதிரி வண்டியில் கோட் இல்லாத நாளிலும் வோல்டேஜை அளந்து பாருங்கள். 2.5 இருக்க வேண்டிய இடத்தில் 0.8 இருந்தால் ஆள் சிக்கிவிட்டார்.

சென்ஸார்தான் போச்சுன்னா?

போகாது என்று சொல்லவில்லை. போகும். அப்போது கழற்றிய சென்ஸாரின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஓம் பாருங்கள். இந்த வகை டொயோட்டா சென்ஸாரில், 20 டிகிரி வெப்பத்தில், 120-லிருந்து 280 கிலோ ஓம் இருக்க வேண்டும். இந்தக் கணக்கை எல்லாக் கம்பெனிக்கும் போடாதீர்கள். சிலவற்றில் 500 கிலோ ஓமைத் தாண்டும். உள்ளே ரெஸிஸ்டரே இல்லாத ஒற்றை வயர் சென்ஸாரில் மெகா ஓம் கணக்கில் காட்டினால்தான் நல்லது. வண்டியின் மேனுவலைப் பார்க்காமல் அளப்பதும், ஆன்ஸர் கீ இல்லாமல் பேப்பர் திருத்துவதும் ஒன்றுதான்.

புதுசு மாட்டும்போது மூன்று விஷயம். பிளாக்கில் சென்ஸார் உட்காரும் இடம் துரு, பெயின்ட் இல்லாமல் பளிச்சென்று இருக்க வேண்டும். நடுவில் வாஷர் எதுவும் சொருகக்கூடாது, காதில் பஞ்சு வைத்த மாதிரி ஆகிவிடும். டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும், சுமார் 20 நியூட்டன் மீட்டர். பலத்தைக் காட்டி முறுக்கினால் வில்லையே விரிசல் விடலாம், லூசாக விட்டால் காது மந்தம்.

ஒரு எச்சரிக்கை

மேலே ஒரு 220 கிலோ ஓம் ரெஸிஸ்டர் டெஸ்ட் சொன்னேன் இல்லையா? அதைப் படித்ததும் சில மூளைகளில் பல்பு எரிந்திருக்கும். ‘ரெஸிஸ்டரை அப்படியே உள்ளேயே விட்டுட்டா லைட் வராதே, சென்ஸார் காசு மிச்சமாச்சே!’

தயவுசெய்து வேண்டாம். லைட் எரியும்போது கம்ப்யூட்டருக்குத் தன் காது கேட்காது என்பது தெரியும், அதனால் ஜாக்கிரதையாக டைமிங்கைப் பின்னுக்கு வைத்து ஓட்டும். ரெஸிஸ்டரை வைத்து ஏமாற்றினால், ‘காது நல்லா இருக்கு, நாக் எதுவும் கேட்கலை’ என்று நம்பி டைமிங்கை முன்னுக்குத் தள்ளும். மேடு, வெயில், அஞ்சு பேர் லோடு, நிஜ நாக் அடிக்க ஆரம்பிக்கும். அதைத் தடுக்க ஆள் இருக்காது. வண்டியை வாங்கிக்கொண்டு போகிறவருக்கு லைட் அணைந்தது மட்டும்தான் தெரியும். சில மாதம் கழித்து இன்ஜினைப் பிரிக்கும்போது ரெஸிஸ்டர் வைத்த ஆள் பக்கத்தில் இருக்க மாட்டான். டெஸ்ட்டுக்கு வைத்த ரெஸிஸ்டர் டெஸ்ட் முடிந்ததும் பாக்கெட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

டவுட் கார்னர்

எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டால் நாக் சென்ஸார் கெடுமா?
சென்ஸார் பெட்ரோலைத் தொடுவதே இல்லை. பிளாக்குக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது. சொல்லப்போனால் எத்தனால் நாக்கை எதிர்க்கும் குணம் உள்ளது. எத்தனால் பற்றிய மற்ற சண்டைகள் தனி.

டீசல் காரிலும் இது உண்டா?
டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, எரிபொருள் தானாகப் பற்றுவதுதான் அதன் ஸ்டைல். பொறியைத் தள்ளிப்போட அங்கே வேலை இல்லை. அதனால் நாம் பேசிய வேலைக்கு இது பெட்ரோல் இன்ஜின் சமாச்சாரம்.

வீட்டு காரிலேயே கோட் பார்க்க முடியுமா?
இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் புதுக் கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயம். ஸ்டியரிங் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். ப்ளூடூத் அடாப்டர் ஒன்றும் மொபைலும் போதும். ஆனா கோட் பார்த்தவுடன் ஆன்லைனில் சென்ஸார் ஆர்டர் போடுகிறவர்கள், இந்தக் கட்டுரையை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கவும்!

இந்த வார ஹோம்வொர்க்

உங்க மல்டிமீட்டரின் உள் ரெஸிஸ்டன்ஸ் எவ்வளவு? மேனுவல் தொலைந்துபோயிருந்தாலும் கண்டுபிடிக்கலாம். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு 1 மெகா ஓம் ரெஸிஸ்டர். முதலில் பேட்டரியை நேராக அள. பிறகு ரெஸிஸ்டரை மீட்டரோடு தொடராகப் போட்டு அள. அளவு பாதியாகக் குறைந்தால் மீட்டர் 1 மெகா ஓம். சுமார் பத்தில் ஒரு பங்கு மட்டும் குறைந்தால் 10 மெகா ஓம். லேபில் இருக்கும் எல்லா மீட்டரையும் இப்படிச் சோதித்து, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வாருங்கள். ஜூனியர்கள் வாழ்த்துவார்கள்.

கேம்பஸ் இன்டர்வியூவில் ‘பி0327 வந்தால் என்ன செய்வாய்?’ என்று கேட்டு, நீங்கள் ‘முதலில் கப்ளரைக் கழற்றி, கோட் மாறுகிறதா என்று பார்ப்பேன்’ என்று சொன்னால், எதிரே இருப்பவர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். அதைவிட முக்கியம், அந்த ஒரு பதிலில் எங்கேயோ ஒரு கார் ஓனரின் பர்ஸும் முகூர்த்த நாளும் தப்பிக்கிறது.

அடுத்த வாரம்: பேட்டரி புதுசு, செல்ஃப் மட்டும் எடுக்கலை. ஏன்? வோல்டேஜ் டிராப் டெஸ்ட் பார்க்கலாம். அதுவரை கியரை மாத்துங்க, பார்ட்டை மாத்தாதீங்க!